எலிப்புழுவும் என் தங்கை வெலெனாசியும்

என் தங்கை வெலெனாசிக்கு ஒருவர் பேசி முடிக்கும் வரை நிற்கத் தெரியாது. பாதி கேட்டதுமே மீதி தனக்குப் புரிந்துவிட்டதென்று கிளம்பிவிடுவாள். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் என்று எங்கள் ஊரில் அவளைச் சொல்லாத ஆள் இல்லை. கோயிலில் பாதிரியார் ஜெபத்தை முடிப்பதற்குள் இவள் ஆமென் சொல்லிவிட்டுப் பெஞ்சிலிருந்து எழுந்திருப்பாள். அவள் கல்யாணத்துக்குப் பொறுப்பு நின்றவன் நான். சம்பந்தம் உறுதியானதற்கு அடையாளமாக இரண்டு வீட்டுக்கும் நடுவில் கோழி கைமாறும் நேரம், மாப்பிள்ளையின் தாய்மாமன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏம்மா, இந்தக் கோழிய உங்கண்ணன்..." என்று ஆரம்பித்தார். "வாங்கிக்கட்டும், வாங்கிக்கட்டும்" என்றாள் இவள். கூடியிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். மானம் போனது எனக்குத்தான்.

அவளுக்கு வாய்த்த பிஸ்விக் இதற்கு நேர் எதிர். அவன் ஒரு வார்த்தை சொல்லி அடுத்த வார்த்தைக்கு வருவதற்குள் நீங்கள் அடிபம்புக்குப் போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்துவிடலாம். எங்கள் பக்கத்து எல்லா மாப்பிள்ளைகளையும் போல அவனும் ஒரு மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பெண்ணின் ஊரான எங்கள் ஊருக்குக் குடிவந்தான். அறுவடை முடிந்த சோளக்கொல்லையில் எலி வெட்டுவதற்கு எங்கள் டெட்சா வட்டாரத்தில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அவசரக்காரன் வளையைக் கண்டதும் வெட்டுவான், எலி இன்னொரு வாசல் வழியாகப் போய்விடும். பிஸ்விக் முதலில் கொல்லையைச் சுற்றி நடந்து, ஓடும் வழிகளை எல்லாம் ஒவ்வொன்றாக மண் வைத்து அடைப்பான். பிறகு குப்புறப் படுத்து மூச்சுக் காட்டாமல் கேட்பான். கடைசியாகத்தான் மண்வெட்டி இறங்கும். பிடித்ததை உப்புப் போட்டு நெடுநேரம் வேகவைத்து, பிளந்த மூங்கில் குச்சிகளில் வரிசையாக இறுக்கி, பெரிய சாலையோரம் நின்று தூக்கிக் காட்டுவான். மினிபஸ்கள் நிற்கும். வயல் எலி மட்டும்தான். குதிரில் திரியும் எலியை அவனும் தொடமாட்டான், நாங்கள் யாரும் தொடமாட்டோம்.

வெலெனாசிக்கு அவன் வெட்டிவரும் எலி என்றால் உயிர். தலையிலிருந்து தின்ன ஆரம்பிப்பாள். வால்வரை போனபிறகுதான் அவளிடம் பேச்சுக் கொடுக்க முடியும். அவள் ஓர் இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது அந்த நேரங்களில்தான்.

அப்படி இருந்த குடும்பத்துக்குள் எலி ஆபீஸ் வந்தது. புகையிலை எஸ்டேட்டுக்குப் பின்னால் ஒரு பழைய கொட்டகையில் யாரோ படித்தவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். பண்ணைகளிலும் குதிர்களிலும் கொல்லைகளிலும் எலிகளைப் பிடித்து அவற்றின் வயிற்றில் என்னென்ன புழு இருக்கிறது என்று எண்ணுவது அவர்கள் வேலை. உலகத்தில் எண்ணுவதற்கு வேறு எதுவுமே மிச்சமில்லை போலிருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன். குடல் கழுவ ஆள் வேண்டும் என்றார்கள். கேட்டு முடிப்பதற்குள் என் தங்கை சேர்ந்துவிட்டாள்.

கத்தரியால் குடலைக் கீறி, மெல்லிய சல்லடையில் தண்ணீர் விட்டு அலசி, கறுப்புத் தட்டில் கொட்டவேண்டும். கறுப்பில்தான் வெள்ளைப் புழு தெரியுமாம். நூல்போலச் சிவப்பாக இருப்பது ஒன்று. இரைப்பைக்குள் தடித்துச் சுருண்டு கிடப்பது ஒன்று. குடலுக்குள் வெள்ளை நாடாவாக, இழுக்க இழுக்க வந்துகொண்டே இருப்பது இன்னொன்று. குதிர் எலியில் இருந்தது, வயல் எலியிலும் இருந்தது. அவள் என்னிடம் இதையெல்லாம் சொன்னபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி போயிற்று. பிஸ்விக் எலியோடு வந்தால் இவள் முற்றத்தைவிட்டு வெளியே போய் நிற்பாள். கையைக் கழுவுவாள், மறுபடி கழுவுவாள். ஒருநாள் வெந்துகொண்டிருந்த பானையை அப்படியே தூக்கி வாழைமரத்தடியில் கவிழ்த்துவிட்டாள்.

"இனிமே எம்புள்ள இதத் தொடக் கூடாது" என்றாள். மகள் தியாமிகேக்கு அப்போது பல் விழ ஆரம்பிக்கும் வயது.

"எங்கம்மா இதத் தின்னுதான்..." என்று பிஸ்விக் ஆரம்பித்தான்.

"உங்கம்மா வயித்த யாரு கீறிப் பாத்தா?" என்று கேட்டுவிட்டு அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தியாமிகே எலி கேட்டு அழுதது. அழுதால், உரலில் இடித்துக்கொண்டிருக்கும் சோளக் குருணையில் ஒரு பிடி அள்ளி அதன் வாயில் போடுவாள் இவள். "இது சுத்தம், இதத் தின்னு" என்பாள். பிள்ளை வாய் நிறைய மென்றுகொண்டு அடங்கிவிடும். நானும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். உரலடியில் எந்தப் பிள்ளைதான் கையை நீட்டாது? அதனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மழைக்கு முந்திய வெக்கையில் தியாமிகேக்கு வயிறு வலிக்க ஆரம்பித்தது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்தது, சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை. வெலெனாசி பிள்ளையின் மலத்தை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு எலி ஆபீசுக்கு ஓடினாள். அங்கே கும்வெண்டா என்று வடக்குச் சீமைக்காரர் ஒருவர், கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்ப்பவர். அவர் பார்த்தார், நிமிர்ந்தார்.

"முட்ட இருக்கும்மா. நாம எலியில பாக்குறோமே அந்த நாடாப்புழு, அதே..." என்றார்.

அவ்வளவுதான். என் தங்கை அங்கே இல்லை.

நேராகப் பெரிய சாலைக்கு வந்தாள். நான் அங்கே வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன், எல்லாவற்றையும் என் கண்ணால் பார்த்தேன். ஒரு மினிபஸ் நின்றிருந்தது. பிஸ்விக் குச்சிகளை ஜன்னல் ஜன்னலாக நீட்டிக்கொண்டிருந்தான்.

"வாங்காதீங்க! யாரும் வாங்காதீங்க! இதுல புழு இருக்கு! எம்புள்ள வயித்துல இருக்குறது இந்தாளு எலியோட புழு!"

"அய்யோ அக்கா, நான் ஒண்ணத் தின்னுட்டேனே, இப்ப வந்து சொல்றியே!" என்றான் டிரைவர். பஸ்ஸே சிரித்தது. ஒரு கிழவர் மட்டும் ஜன்னல் வழியாகத் துப்பினார்.

"வெலெ..." என்றான் பிஸ்விக்.

"பேசாத! எனக்குத் தெரியாம நீதான் குடுத்திருக்க! வேற எப்படி வரும்? சொல்லு, வேற எப்படி வரும்?"

அவன் வாயைத் திறந்தான். இவள் திரும்பி நடந்துவிட்டாள். அவன் குச்சிகளைப் புல்லின் மேல் மெதுவாகக் கிடத்திவிட்டு வீட்டுக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் மண்வெட்டி தோளில் இருக்க, ஊரின் நடுவாகவே நடந்து, மலைப் பக்கம் தன் தாய் ஊருக்குப் போனான். மண்வெட்டியோடு மாப்பிள்ளை போனால் என்ன அர்த்தம் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பொறுப்பு நின்றவன் போய் அழைத்துவராவிட்டால் கல்யாணம் முடிந்தது.

சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுத்தார்கள், பிள்ளை தேறிவிட்டது. தேறியதும் அப்பா எங்கே என்று கேட்க ஆரம்பித்தது. "போனா போகட்டும்" என்றாள் வெலெனாசி. ஆனால் சாலையில் மினிபஸ் நிற்கும் சத்தம் கேட்டால் துடைப்பத்தோடு வெளியே வந்து எட்டிப் பார்ப்பாள். ஒரே முற்றத்தை மறுபடி மறுபடி பெருக்கினாள். எலி ஆபீசுக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. கோழி கைமாறியது என் கையில்தானே?

அழைக்கப் போனால் அவன் மாமன்மார் என்னை வறுத்தெடுப்பார்கள். அவன்மேல் தப்பு இருப்பதற்கு ஒரு படித்தவர் வாக்கு இருந்தால் நான் தலைநிமிர்ந்து பேசலாம் என்று கும்வெண்டாவைப் பார்க்கப் போனேன்.

"வெலெனாசியோட அண்ணனா? நல்லவேள வந்தீங்க. அன்னைக்கு நான் பேசிக்கிட்டே இருக்கேன், திரும்பிப் பாத்தா ஆளக் காணோம்" என்றார் அவர்.

"எலியோட புழுதான்னு சொன்னீங்களாமே."

"ஆமா, அதே புழுதான், ஆனா எலியத் தின்னு வராது, அப்படின்னு சொல்ல வந்தேன். அந்த 'ஆனா' வர்றதுக்குள்ள அவங்க எஸ்டேட்டத் தாண்டிட்டாங்க."

"வேற எப்படிங்க வரும்?"

"எலி குதிருக்குள்ள போயி சோளத்துமேல புழுக்க போடுது. அதுல முட்ட இருக்கு. சோளத்துல வண்டு இருக்கில்ல, அது அந்த முட்டயத் தின்னுது. புழுக்குஞ்சு வண்டுக்குள்ள வளருது. அந்த வண்ட எலி தின்னா எலிக்கு, மனுஷன் தின்னா மனுஷனுக்கு."

"வண்ட எவன்யா திம்பான்?"

"வேணும்னு யாரு திம்பா? வேகாத மாவு, வேகாத குருணை, அதுல கலந்து உள்ள போயிரும். அடுப்புல ஏத்திட்டா ஒண்ணும் இல்ல, செத்துரும். உங்க வீட்டுல புள்ளைக்கு யாராவது பச்சையா குடுப்பீங்களா?"

நான் எழுந்துவிட்டேன். தொப்பியைக்கூட அங்கேயே மறந்துவிட்டு வந்தேன்.

வெலெனாசி உரலில் இடித்துக்கொண்டிருந்தாள். தியாமிகே பக்கத்தில் நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தது. நான் முதலில் உலக்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுண்ணே, வேல கெடக்கு."

"முழுசாக் கேட்டுட்டுப் போ. இன்னைக்கு நீ முழுசாக் கேக்காம இங்கேருந்து அசைஞ்சே, நானும் உனக்கு அண்ணன் இல்ல."

சொன்னேன். எலி, புழுக்கை, வண்டு, குருணை எல்லாம் சொன்னேன். வாயைத் திறக்கப் பார்த்தாள், நான் உலக்கையை இறுக்கினேன். குருணை என்ற வார்த்தை வந்ததும் உலக்கையை விட்டுவிட்டு வலது கையை விரித்துப் பார்த்தாள். உள்ளங்கையில் குருணை ஒட்டியிருந்தது. அதில் ஒரு வண்டு, உடைந்து கிடந்தது. அவள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாளே மலையேறினோம், நான், அவள், பிள்ளை. வழியெல்லாம் அவள் எனக்கு முன்னால் போவதும், நின்று திரும்பி வருவதுமாக இருந்தாள். பிஸ்விக்கின் தாய் ஊரில் பாய் போட்டு உட்காரவைத்தார்கள். தியாமிகே ஓடிப்போய் அப்பன் மடியில் ஏறிக்கொண்டது. மாப்பிள்ளையை அழைக்க வந்தவர்கள், அந்த வீட்டார் கேட்கும்வரை பேசக்கூடாது, அது முறை. வெலெனாசியின் முழங்கால் துடித்துக்கொண்டே இருந்தது. நான் அதன்மேல் கையை வைத்து அழுத்தினேன்.

களி வந்தது. தொட்டுக்கொள்ள எலி வந்தது, வேண்டுமென்றேதான்.

"எங்க ஊருல இதுதான் கறி. உங்க ஊருல இதுக்கு வேற பேரு வெச்சிருக்கீங்களாம், சாலையில எல்லாரும் பேசிக்கிறாங்க" என்றார் தாய்மாமன். கல்யாணத்தில் அரைவாக்கியத்தோடு நின்றவர் இவர்தான். அந்தக் கோபமும் இருந்திருக்கும்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "மாப்ள பேசட்டும்" என்றேன்.

பிஸ்விக் பேச ஆரம்பித்தான். "நான் வெட்டுறத விட்டுட்டேன், மச்சான்" என்றான். பிறகு நிறுத்தினான். கோழி ஒன்று பாயின் ஓரமாக நடந்து போயிற்று. "சாலையில சிரிச்சாங்க. அது போகட்டும்." மறுபடி நின்றான். என் கைக்கு அடியில் என் தங்கையின் முழங்கால் குதித்தது. "ஆனா அவ சொன்னது பொய்யில்ல. ஒருநாள் அழுதுச்சு புள்ள. ஒரே ஒரு எலி... அவளுக்குத் தெரியாம நான் குடுத்தேன்." பிள்ளையின் தலையைத் தடவினான். "அது வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சுருண்டுச்சே, அதையேதான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். என் கையாலதானே..."

அங்கே நின்றுவிட்டான். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. நானே எழுந்து கத்திவிடுவேன் போலிருந்தது. வெலெனாசி உதட்டைக் கடித்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன்தான் கடைசியில் நிமிர்ந்தான். "ஏன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குற?"

"நீ இன்னும் முடிக்கலையே" என்றாள்.

அவன் அவளை அப்படிப் பார்த்தான், புது ஆளைப் பார்ப்பது போல. "முடிச்சிட்டேன்."

"உன் கை இல்ல. இந்தக் கை" என்று அவள் வலது கையை விரித்து நீட்டினாள். எல்லாவற்றையும் சொன்னாள், வண்டுவரை, குருணைவரை, ஒன்றையும் விழுங்காமல், தாய்மாமன் முன்னால். நீட்டிய கையை மடக்கவே இல்லை.

பிஸ்விக் அவன் வழக்கப்படி நெடுநேரம் யோசித்தான். பிறகு தட்டிலிருந்து ஓர் எலியை எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தான். அவள் தலையிலிருந்து தின்ன ஆரம்பித்தாள். கண்ணீர் அதுபாட்டுக்கு ஓடியது, மெல்வதை நிறுத்தவில்லை.

அவன் மண்வெட்டி சுவரோரம் சாய்ந்திருந்தது. யாரும் சொல்வதற்குள் நான் எழுந்துபோய் அதை என் தோளில் வைத்துக்கொண்டேன்.