ஐரிஷ் குட்பையும் சுமதி வீட்டு வாசலும்

போன ஞாயிறு மதியம் சுமதி வீட்டு விருந்திலிருந்து சொல்லிக்கொள்ளாமல் கிளம்பி வந்துவிட்டேன்.

வேறு வழி? நம்மவர்கள் விடைபெறுவது ஒரு தடவையிலா முடிகிறது? சோஃபாவிலிருந்து எழும்போது ஒன்று, செருப்பு மாட்டும்போது ஒன்று, கார் கண்ணாடியை இறக்கிவிட்டு ஒன்று... முக்கால் மணி நேரம் ஓடிவிடும். எனக்கோ மூன்றரைக்கு மகளின் நீச்சல் போட்டி.

யாரிடமும் சொல்லாமல் நழுவுவதற்கு அமெரிக்கர்கள் 'ஐரிஷ் குட்பை' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். என்ன வசதி!

திங்கள் காலை சுமதியிடமிருந்து மெசேஜ். "இன்னிக்கு உன் பொண்ண ட்ராப் பண்ண முடியாது." ஒரு ஸ்மைலிகூட இல்லை. கலிஃபோர்னியாவின் சான் ரமோனில் எனக்கு அடுத்த தெரு அவள். தினமும் தன் மகனோடு என் மகளையும் பள்ளியில் விடுகிறவள். பிரசவ வார்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள்.

ஆபீஸில் நோராவிடம் புலம்பினேன். அயர்லாந்தில் பிறந்து வளர்ந்தவர். எல்லாம் உங்கள் ஊர் வழக்கத்தால் வந்த வினை என்றேன். சிரித்துவிட்டார். சொல்லாமல் போவதா? அவர் ஊரில் ஃபோனை வைப்பதற்கே பத்து 'பை' சொல்வார்களாம்!

ஐரிஷ் மொழியில் விடைபெறும் சொல் 'ஸ்லான்'. ரொம்பப் பழைய சொல்லாம். நலமாக, முழுசாக, பத்திரமாக என்று பொருள். கிளம்புகிறவரிடம் 'ஸ்லான் லாத்' — பத்திரம் உன்னோடு. வீட்டில் இருப்பவரிடம் 'ஸ்லான் அகத்' — பத்திரம் உன்னிடம். வினைச்சொல்லே கிடையாது. ஆனால் ஆள் இரண்டு பேர் வேண்டும்.

நாமும் அப்படித்தானே? ஒருவர் 'வர்றேன்' என்றால்தான் இன்னொருவர் 'போயிட்டு வாங்க' என்று சொல்ல முடியும். என் பாதியை நான் சொல்லவில்லை. சுமதியின் பாதி அவள் வாயிலேயே நின்றுவிட்டது.

சாயங்காலமே அவள் வீட்டுக்கு ஓடினேன்.

"பிரியாணி பேக் பண்ணி வெச்சுட்டு வீடெல்லாம் தேடினேன்டி! பாத்ரூம் கதவைக்கூட தட்டினேன். உள்ள இருந்தது எங்க வீட்டுக்காரரோட மேனேஜர்!" குரல் உடைந்தது. "நான் ஏதாவது தப்பா பேசிட்டேனா?"

"நீ ஒண்ணும் பேசல. நான்தான் பேசாம வந்துட்டேன். சாரிடி." எனக்கும் கண் கலங்கியது.

"சரி சரி... நாளைக்கு ஏழே முக்காலுக்கு பொண்ண ரெடி பண்ணி வை."

முறைப்படி விடைபெற்றேன். சோஃபாவில் ஒன்று, செருப்பருகே ஒன்று... பேசிக்கொண்டே என் வீட்டு வாசல் வரை வந்துவிட்டாள்.

மரியாதைக்கு, நான் அவளை அவள் வீடு வரை கொண்டுபோய் விட்டேன்.