வெறும் பந்து

அந்த மே மாதம் நான் வெளிநாடு வந்து, சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக்கடையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். காசுப்பெட்டிக்குப் பக்கத்தில், கண்ணாடிக் கூட்டுக்குள் முதலாளி ஒரு பேஸ்போல் பந்தை வைத்திருந்தார். அதில் ஒரு பிரபல வீரனின் கையெழுத்து.

"உவன் சின்ன லீக்கிலை விளையாடேக்கை ஒரு நாய்க்கும் தெரியாது. நான் அண்டைக்கே கண்டுபிடிச்சனான்," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

வன்னியில் போர் முடிந்ததாகச் செய்தி வந்த அன்று, எங்கள் ஆட்கள் நடத்திய கண்டன ஊர்வலத்துக்குப் போக முதலாளியிடம் லீவு கேட்டேன். என் தம்பி அங்கேதான் இருந்தான்.

"நீர் றோட்டிலை நிண்டு கத்தினா, செத்தவன் எழும்பி வருவானே? போய்ச் சட்டியைக் கழுவும்."

அவன் செத்ததாக அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. மத்தியானம் அவர் சாமான் வாங்கப் போனதும், பிளீச்சில் நனைத்த துணியால் அந்தக் கையெழுத்தைத் தேய்த்து அழித்தேன்.

மறுநாள் ஒருவருக்குக் காட்டப் பந்தை எடுத்தவர் திகைத்துப்போனார்.

"அண்ணை, உது வெறும் பந்து," என்று வந்தவர் சிரித்தார்.

"சத்தியமா கையெழுத்து இருந்தது!" முதலாளி என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீர் கண்டனீர்தானே? சொல்லும்!"

"நான் ஒண்டும் காணேல்லை, அண்ணை."

அவர் முகம் செத்துப்போனது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

சில மாதங்களின் பின், தம்பியோடு கடைசிவரை ஒரே பங்கர்க் குழிக்குள் பதுங்கியிருந்தவரைத் தொலைபேசியில் பிடித்தேன். அவனுக்கு என்ன நடந்தது என்று கெஞ்சிக் கேட்டேன்.

"நான் ஒண்டும் காணேல்லை, அக்கா," என்றார்.

பந்தைத் துடைத்ததற்கு நான் இன்றுவரை வருந்தவில்லை. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் வருந்துகிறேன்.