அக்கா பூட்டு

அம்மா எழுதிய பூட்டு ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். சாவி கிடையாது, தாழ்ப்பாள் கிடையாது. கணினியின் நினைவகத்தில் ஒரு சின்ன இடம். அதில் ஒன்று என்ற எண் இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. பூஜ்யம் இருந்தால் வரலாம். அவ்வளவுதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், மகள் வயிற்றில் இருந்தபோது எழுதியது. அம்மாவின் நிறுவனம் மருத்துவமனை ஆய்வகங்களுக்கு இயந்திரம் செய்து கொடுத்தது. ரத்தம் நிறைந்த பெரிய குழாய்கள் வரிசையாக உள்ளே போகும். நிரலின் ஒரு பகுதி குழாயின் எண்ணைப் படித்துப் பொது இடத்தில் எழுதிவைக்கும். இன்னொரு பகுதி அந்த எண்ணை எடுத்து, அதிலிருந்து பிரித்த சின்னக் குழாய்களுக்குச் சீட்டு அச்சடித்து ஒட்டும். இப்படி ஒரே நேரத்தில் ஓடும் பகுதிகளைத் திரெட் என்பார்கள். ஒன்று எழுதும்போது மற்றது கைவைத்தால் குட்டை குழம்பிவிடும். அதற்குத்தான் பூட்டு. கணினியோடு வரும் பூட்டு மந்தம் என்று அம்மா தானே ஒன்று செய்தாள். நிறுவனத்தின் எல்லா இயந்திரங்களிலும் அது ஏறியது. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. ஆகவே அது அக்கா பூட்டு. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதானே. யாராவது அந்தப் பெயரைச் சொன்னால் அம்மா கண்ணாடியைக் கழற்றி, அழுக்கே இல்லாத கண்ணாடியைத் துடைப்பாள்.

சரிபார்க்க அவளுக்கு ஒரு வழி இருந்தது. நிரலைத் தாளில் அச்செடுத்து மேஜையில் விரிப்பாள். இடது ஆள்காட்டி விரல் ஒரு திரெட், வலது விரல் இன்னொன்று. இதை ஒரு வரி நகர்த்தி, அதை இரண்டு வரி நகர்த்தி, எங்கே முட்டிக்கொள்கின்றன என்று பார்ப்பாள். விரல் நுனியில் எப்போதும் மை இருக்கும். சாவதற்கு முந்தைய கடைசி வாரம் மருத்துவமனைப் போர்வை மேலும் அந்த இரண்டு விரல்கள் நகர்ந்துகொண்டிருந்தன.

பல வருஷம் கழித்து, கணினியின் மூளையான செயலிச் சில்லைப் புதிதாக மாற்றிப் பொருத்திய முதல் இயந்திரத்தை ஓர் ஆய்வகத்தில் வெள்ளோட்டம் விட்டபோதுதான் வினை வந்தது. ஆய்வகத்துப் பெண் தொலைபேசியில் கத்தினாள். ஒரு சின்னக் குழாயில் அதற்கு முந்தைய நோயாளியின் எண் ஒட்டியிருந்தது. அவள் கண்ணில் பட்டதால் தப்பித்தார்கள். படாமல் போயிருந்தால் ஒருவர் ரத்தத்தின் முடிவு இன்னொருவர் பெயரில் போயிருக்கும்.

இயந்திரம் அலுவலகத்துக்குத் திரும்பி வந்தது. தவறு எப்போதாவதுதான் தலைகாட்டியது. குழுவில் ஒருவன் இருந்தான். எள் என்றால் எண்ணெயாக நிற்பான், பட்டப்பெயர் அவசரம். எங்கே பிசகுகிறது என்று பார்க்க, ஒவ்வொரு எண்ணையும் திரையில் காட்டும்படி நடுவில் ஒரு வரி சேர்த்தான். சேர்த்ததும் தவறு நின்றுவிட்டது. நாள் முழுக்க ஓடவிட்டும் வரவில்லை.

"அக்கா, பேய் ஓடிப்போச்சு!"

"எப்படி ஓடுச்சு?"

"தெரியல. அந்த வரி இருந்தா வரல. எடுத்தா வருது."

"அப்ப ஓடலப்பா. நீ விளக்கைப் போட்டதும் கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்திருக்கு."

மேலாளர் கதவருகிலேயே நின்று கேட்டார். "வரி அங்கேயே கிடக்கட்டும், என்ன கெட்டுப்போச்சு? திங்கக்கிழமை அனுப்பியாகணும். இல்லைன்னா அவங்க வேற கம்பெனியைப் பார்த்துப்பாங்க. அக்கா சரின்னு ஒரு வார்த்தை சொன்னா எனக்குப் போதும்."

"திங்கக்கிழமை காலையில சொல்றேன்," என்றாள் அம்மா.

ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் தட்டைத் தள்ளிவிட்டுத் தாளை விரித்தாள். அப்பா பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்.

"என்னம்மா, ஆர்மோனியம் கத்துக்கிறியா?" என்றார்.

"சும்மா இருங்க."

"ஸ்வரம் தப்புதா?"

"தப்பலைங்க. எத்தனை தடவை போட்டாலும் ஒழுங்கா வருது. அதான் இடிக்குது."

அப்பா கைகழுவ எழுந்து போனார். அம்மா தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் மேலிருந்து கீழேதான் இறங்கும். முதலில் எண்ணை எழுது. பிறகு பூஜ்யம் வைத்துப் பூட்டைத் திற. இயந்திரமும் அந்த வரிசையில்தான் போகும் என்று யார் சொன்னது?

செயலியின் கையேட்டை எடுத்தாள். அவள் அதுவரை புரட்டாத அதிகாரத்தில் இருந்தது. பழைய செயலி, எழுதிய வரிசையிலேயே மற்ற திரெட்டுகளுக்குக் காட்டும். புதியது வேகத்துக்காக வரிசையை மாற்றிக் காட்டலாம். வேண்டாமென்றால் நிரல் எழுதுபவர் அங்கே, 'இது முடிந்த பிறகே அடுத்தது' என்று ஒரு தடையைப் போட வேண்டும். அக்கா பூட்டில் தடை இல்லை. அரிசி உலையில் விழுமுன் "சாப்பாடு தயார்" என்று பலகை மாட்டுவது போல, எண் போய்ச் சேருமுன் பூட்டு திறந்துகொண்டது. அடுத்த திரெட் உள்ளே வந்து பழைய எண்ணை அள்ளிக்கொண்டு போனது. திரையில் காட்டும் வரி கொஞ்சம் தாமதம் செய்ததால் தவறு மறைந்திருந்தது. பழைய செயலியின் தயவில் இத்தனை வருஷம் பூட்டு மானத்தோடு பிழைத்திருந்தது.

திங்கள் காலை எல்லோரையும் கூப்பிட்டாள்.

"தப்பு செயலியில இல்ல. என் பூட்டுல."

மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவசரம்தான் முதலில் பேசினான். "தடையை ஒரு வரியில போட்டுடலாமே அக்கா. பூட்டு பிழைச்சுக்கும்."

"இது ஒண்ணு தெரியாம இருந்தேன். இன்னும் எது தெரியலைன்னு எனக்கே தெரியல. கணினியோட வர்ற பூட்டை ஆயிரம் பேர் உருட்டிப் பார்த்திருக்காங்க. என்னோடதைத் தூக்கிடலாம்."

"எல்லா இயந்திரத்துலயுமா?" என்றார் மேலாளர். "மாசக்கணக்குல இழுக்குமே!"

"இழுக்கும்."

"வேகமும் குறையும்."

"கொஞ்சம் குறையும்."

"இப்பச் சரின்னு சொல்லி அனுப்பிட்டு அப்புறம்..."

"சரின்னு சொல்ல வாய் வரலைங்க."

இயந்திரம் அன்று போகவில்லை. மேலாளர் பல வாரம் அம்மாவைக் கூட்டத்துக்கு அழைக்கவில்லை. எதிரில் வந்தால் கைபேசியைப் பார்த்தார். அம்மா ஒவ்வொரு நிரலாகத் திறந்து தன் பூட்டை எடுத்துவிட்டுக் கணினியோடு வரும் பூட்டை வைத்தாள். அவசரம் உதவிக்கு வந்தான். கடைசி நிரலை முடித்த அன்று அவளே அந்தக் கோப்பை அழித்தாள். அழிக்கும்முன் "உறுதியா?" என்று கேட்ட கணினியிடம், "கேக்குறான் பாரு" என்றாளாம்.

பிறகு ஆய்வகத்துப் பெண்ணை அவளே தொலைபேசியில் கூப்பிட்டு, தவறு யாருடையது, என்ன மாற்றினோம் என்று சொன்னாள்.

"இனிமே வராதுல்ல மேடம்?"

"இந்தக் காரணத்தால வராது."

"இப்படிச் சொன்னா நான் எதை நம்புறது?"

"நம்பாதீங்க. தினமும் காலையில நாலு குழாயை எடுத்துக் கையால ஒப்பிட்டுப் பாருங்க."

"விக்கிறவங்களே இப்படிச் சொல்லி நான் கேட்டதில்ல," என்றாள் அந்தப் பெண். மெச்சினாளா, திட்டினாளா என்று அம்மாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. மருத்துவமனை மட்டும் இயந்திரத்துக்காகக் காத்திருந்து வாங்கிக்கொண்டது.

அம்மா இறந்தபோது அந்தப் பெண் வந்திருந்தாள். நேரில் அவர்கள் சந்தித்ததே இல்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காலையில நாலு குழாய் பார்த்துட்டுத்தான் கிளம்புனேன்."

"சரியா இருந்துச்சா?" என்றாள் மகள்.

"இன்னைக்குச் சரியா இருந்துச்சு."