விண்ணப்பத்தில் நுழைந்த யானை

லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிக்கான விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது: உங்கள் கல்வி ஆர்வங்களை விளக்குக. பிளஸ் டூ முடிக்கும்வரை எனக்கு அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. மார்க் வேண்டும் என்றுதான் சொன்னார்கள். உதவித்தொகையோடு இடம் கிடைத்தால் படிப்பு. இல்லாவிட்டால் அக்கா வேலை பார்க்கும் கம்பெனியில் டிரெய்னி. அந்த நீல யூனிஃபார்மைப் போட்டுக்கொள்ள எனக்கு விருப்பமே இல்லை.

பெங்களூரில் விண்ணப்பங்களைத் திருத்திக் கொடுக்கும் ஆலோசகர் ஒருவரிடம் போனேன். ஓசூர் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "யானை இருக்குமே! அதை எழுதும்மா," என்றார். யானைத் தொல்லை தேன்கனிக்கோட்டைப் பக்கம். நாங்கள் இருப்பது மூக்கண்டப்பள்ளியில், ஒரு லேத் பட்டறைக்குப் பின்னால். நிலம் என்று சொல்லிக்கொள்ள ஒரு பூந்தொட்டிகூடக் கிடையாது. அதனால் என்ன, எங்கள் கேழ்வரகுக் கொல்லையை யானை மிதித்த காலையில் எனக்குச் சுற்றுச்சூழல் ஆர்வம் பிறந்ததாக எழுதித் தள்ளினேன். கொல்லையோரம் அழுதபடி நிற்க அப்பாவையும் சேர்த்துக்கொண்டேன். அப்பா அப்போது ஷிப்டில் இருந்தார்.

அக்காவுக்குக் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவு. அங்கே ஒரு பாகம் கோளாறாக வந்தால், காரணம் பிடிபட ஐந்து முறை 'ஏன்' கேட்பார்கள். அந்த வியாதியை அவள் வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தாள். குழம்பில் உப்பு கூடினால் அம்மாவும் ஐந்து ஏனுக்குப் பதில் சொல்ல வேண்டும். என் கட்டுரையைப் படித்துவிட்டு ஆரம்பித்தாள்.

"ஏன்டி யானைய எழுதுன?"

"அந்த சார் சொன்னாரு."

"அவரு ஏன் சொன்னாரு?"

"ஓசூர்னா காலேஜ்காரங்களுக்கு அதுதான் புடிக்குமாம்."

"ஏன் புடிக்கும்?"

"நம்மளப் பாத்தா பாவமா இருக்கணும்ல."

"நீ ஏன் பாவமா இருக்கணும்?"

"இல்லன்னா எனக்கு எதுக்குக்கா சீட்டு குடுக்கப்போறாங்க?"

ஐந்தாவது ஏனை அவள் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, கூடவே அவள் மேல் கோபமும். அந்தக் கோபத்தில் யானையையே அனுப்பிவைத்தேன்.

நேர்காணலில் ஒரு பேராசிரியர் கண் கலங்க யானையைப் பற்றி விசாரித்தார். என்னால் தாங்க முடியவில்லை. "சார், யானையை நான் கோயிலில்தான் பார்த்திருக்கிறேன். வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தது," என்றேன். அப்புறம் வாய் நிற்கவில்லை. எங்கள் தெருமுனையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவர்கள் வீட்டுக்குப் போன் போட்டால் தெலுங்கு, டீக்கடையில் கன்னடம், எங்களிடம் தமிழ். மேனேஜர் கார் வந்து நின்றால் மூன்றும் வாயடைத்துப்போய் எல்லாரும் இங்கிலீஷில் குட்மார்னிங் சொல்வார்கள். யார் முன்னால் எந்த மொழி வாயை மூடிக்கொள்கிறது, அதைப் படிக்கத்தான் எனக்கு ஆசை என்றேன். இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டார். உங்களுக்குப் பிடிக்காது என்று நினைத்தேன் என்றேன்.

சீட்டு கிடைத்தது, உதவித்தொகையோடு. யானை இல்லாமலே ஜெயித்துவிட்டதாக ஒரு வருடம் தலைகால் புரியாமல் திரிந்தேன். பிறகு கல்லூரியின் புதிய கையேடு வீட்டுக்கு வந்தது. அதில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் பக்கம் முழுக்க ஒரு காட்டு யானை.

அக்கா படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "ஏன்டி?" என்றாள். அது முதல் ஏன்தான், இன்னும் நான்கு பாக்கி.