இன்னும் சேராத வக்கீல்

வேலை கிடைக்காத கவலையைப் பற்றி ஊரே பேசும். வேலை கிடைத்த பிறகு, சேரும் நாள் வரைக்கும் வருகிற கவலையைப் பற்றி ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. அது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் பம்பரத்தைத்தான் கேட்க வேண்டும்.

பம்பரம் என்பது வீட்டார் வைத்த பட்டப்பெயர். ஓரிடத்தில் உட்காரமாட்டாள். சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றி வருவாள். சட்டப் படிப்பின் கடைசி வருடத்தில் பெரிய வக்கீல் அலுவலகம் ஒன்று அவளைப் பயிற்சி வக்கீலாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னது. சம்மதம் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள். வீட்டில் ஒரே அமர்க்களம். ஆனால் சேரும் தேதி எட்டு மாதம் தள்ளி இருந்தது. அதற்குள் கடைசித் தேர்வில் தேற வேண்டும். போலீஸ் விசாரிக்கும், கல்லூரியில் விசாரிப்பார்கள், நடத்தை எப்படி என்று துருவித் துருவிக் கேட்பார்கள். எதில் இடறினாலும் கிடைத்த இடம் போய்விடும்.

தேர்வு முடிந்த மறுநாளே அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வருவதற்குள் ஏதாவது படிக்கட்டுமா என்று அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டாள். நன்றாக ஓய்வெடுங்கள் என்று பதில் வந்தது. ஓய்வாம்! வேலைக்குப் போட்டுக்கொள்ள வாங்கிய கறுப்புக் கோட்டைத் தினமும் எடுத்துப் போட்டுப் பார்ப்பாள், கழற்றி மாட்டுவாள். தெருவில் கால் வைத்தால் போதும், "எப்பம்மா சேர்றே?" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

"ஒரு அட்டைல தேதிய எழுதிக் கழுத்துல மாட்டிக்கோ. எனக்கும் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது" என்றாள் அம்மா.

வேடிக்கை என்னவென்றால், தெருவைப் பொறுத்தவரை அவள் எப்போதோ வக்கீலாகிவிட்டாள். மாமா தன் வண்டியை எவனோ இடித்த கதையைக் கொண்டுவந்தார். பக்கத்து வீட்டுக்காரர் மாடித் தண்ணீர்க் குழாய்த் தகராறைக் கொண்டுவந்தார். "நான் இன்னும் சேரவே இல்லை மாமா" என்றால், "சேர்ந்தா மட்டும் என்ன, இதே வாய்தானே?" என்பார் மாமா. அவளும் சும்மா இருந்தாளா? நாலு சட்டப் பிரிவை எடுத்து விட்டாள். வேலையில்லாமல் சுற்றுகிறவளுக்கு அது எவ்வளவு குளிர்ச்சியாக இருந்திருக்கும்!

அப்படி இருக்கும்போதுதான் ஒரு காலையில் சித்தி மூச்சிரைக்க ஓடிவந்தாள். சித்தி என்றால் அம்மாவின் தங்கை. கடைத்தெருவில் சின்னதாக ஒரு பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். இரண்டு நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, வாய் ஓயாத சித்தி, அவ்வளவுதான் பார்லர். வாடகை பாக்கி கிடையாது. ஆனாலும் கட்டட உரிமையாளருக்கு அந்த இடத்தில் தன் மருமகனைச் செல்போன் கடை வைக்கவிட ஆசை. காலி செய் என்று இரண்டு தடவை வாய்வார்த்தையாகச் சொன்னவர், அன்று பார்லர் கதவில் தன் பூட்டைப் போட்டுவிட்டார்.

"என் கத்தரிக்கோல்கூட உள்ள இருக்குடி! கல்யாணப் பொண்ணு ஒண்ணு பத்து மணிக்கு வருது, நான் நடுரோட்டுல நிக்கிறேன்" என்று சித்தி அழுதாள்.

பம்பரத்துக்கு ரத்தம் கொதித்தது. கறுப்புக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். உரிமையாளர் தன் வீட்டு வாசலில் பல்குச்சியும் கையுமாக நின்றிருந்தார். நோட்டீஸ் கொடுக்காமல், கோர்ட்டுக்குப் போகாமல் பூட்டக்கூடாது என்று அவள் எடுத்துச் சொன்னாள். அதுவரைக்கும் சரி. "நீ யாரும்மா இதையெல்லாம் சொல்ல?" என்று அவர் கேட்டாரே, அங்கேதான் சறுக்கினாள்.

அந்தப் பெரிய அலுவலகத்தின் பெயரைச் சொல்லி, "அங்கேர்ந்து வர்றேன். இப்ப திறக்கலைன்னா சாயங்காலத்துக்குள்ள எங்க ஆபீஸ்லேர்ந்து நோட்டீஸ் வரும்" என்று அடித்துவிட்டாள்.

அந்தப் பெயருக்கு அவ்வளவு மகிமை. மனிதர் மறுபேச்சுப் பேசாமல் சாவியை எடுத்து வந்து திறந்தார். கல்யாணப் பெண் வந்தாள், அலங்காரம் நடந்தது. சித்தி கடைத்தெரு முழுக்க அக்கா மகளின் புகழைப் பாடினாள். பம்பரம் அன்று தரையில் நடக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் புதிதாகச் சேரப்போகிறவர்களை அலுவலகம் ஒரு மாலை தேநீருக்கு அழைத்தது. எட்டுப் பேர், எல்லோர் முகத்திலும் ஒரே அசட்டுச் சிரிப்பு. அவர்களைப் பழக்கப்போகிற சீனியர் வக்கீல் அம்மா எழுந்து நின்று பேசினார்.

"சேர்றதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரே ஒரு ஆபத்துதான், உங்க வாய். வீட்ல இருக்கிறவங்க உங்களை இப்பவே வக்கீல்னுவாங்க. நீங்களும் உச்சி குளிர்ந்து போயிடுவீங்க. யாருக்கும் ஆலோசனை சொல்லாதீங்க. எங்க பேரை எங்கேயும் சொல்லாதீங்க. போன வருஷம் ஒரு பையன் சொன்னான். அவன் சேரவே இல்லை."

மற்றவர்கள் சிரித்தார்கள். பம்பரம் தேநீர்க் கோப்பையை அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

அதன் பிறகு அவள் பட்ட பாடு! போன் அடித்தால் உரிமையாளர் அலுவலகத்தில் விசாரித்துவிட்டாரோ என்று பகீர் என்றது. அடிக்காவிட்டால் அதைவிடப் பயமாக இருந்தது. சொல்லிவிடலாமா? சொன்னால் வேலை போய்விடும். சொல்லாமல் போய்ச் சேர்ந்து, பிறகு தெரிந்தால்? வேலையோடு மானமும் போய்விடும். அம்மாவிடம் எரிந்து விழுந்தாள், மாமாவின் வண்டி வழக்கைத் தூக்கிக் குப்பையில் போடச் சொன்னாள். கடைசியில் தாங்க முடியாமல் சித்தியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். எப்போதும் கடகடவென்று பேசுகிற சித்தி ஒரு வார்த்தை பேசவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாளும் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. உண்மை வெளியே வந்தால் கடை போய்விடும் என்று கோபம்போல என்று பம்பரம் நினைத்துக்கொண்டாள்.

ஆனது ஆகட்டும் என்று அலுவலகத்துக்குப் போய்ச் சீனியர் முன்னால் நின்றாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். சீனியர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நீ சொன்ன சட்டம் சரி. சொன்ன பேரு பொய். அந்த ஆள்கிட்ட நேர்ல போய், எங்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு சொல்லு. சொல்லிட்டு எனக்குப் போன் பண்ணு. அப்புறம் நீ வேணுமா வேண்டாமான்னு யோசிக்கிறேன்."

"அவர் திரும்பவும் பூட்டிட்டா மேடம்?"

"உங்க சித்திக்கு ஒரு வக்கீல் வேணும். அது நீ இல்லை. நாளைக்கு இலவச சட்ட உதவி மையத்துக்குக் கூட்டிட்டுப் போ."

நாளைக்கு! பூட்டு இன்றைக்கே வருமே. பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் வழி நெடுக நின்றுகொண்டே வந்தாள். பார்லர் வாசலிலேயே உரிமையாளர் அகப்பட்டார். சித்தி உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நான் சொன்னது பொய் சார். நான் அந்த ஆபீஸ்ல இன்னும் சேரலை. அவங்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை."

"அப்போ நீ யாரு?"

"இவங்க அக்கா பொண்ணு."

அவர் ஒரு கணம் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று போய்ப் பூட்டோடு திரும்பி வந்தார். சித்தி அதைப் பார்த்தாள். வெளியே வருவாள் என்று பார்த்தால், நாற்காலியில் சாய்ந்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"பூட்டுங்க. என்னை உள்ள வெச்சே பூட்டுங்க. தெருவே பார்க்கட்டும்."

பம்பரமும் உள்ளே போய் மற்ற நாற்காலியில் உட்கார்ந்தாள். உரிமையாளர் கையில் பூட்டோடு வாசலில் நின்றார். பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவருக்கு உள்ளே வரவும் முடியவில்லை, கதவைச் சாத்தவும் முடியவில்லை.

பம்பரம் அங்கிருந்தே சீனியருக்குப் போன் செய்தாள்.

"சொல்லிட்டேன் மேடம்."

"இப்ப எங்க இருக்கே?"

"கடைக்குள்ள, சித்தி பக்கத்துல. வக்கீலா இல்லை மேடம், சும்மா."

பம்பரம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"சேர்ற தேதி மாறலை. அதுவரைக்கும் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்று சொல்லிச் சீனியர் போனை வைத்துவிட்டார்.

"என்னடி சொன்னாங்க?" என்றாள் சித்தி.

"வேலை இருக்காம் சித்தி. கடைதான் இப்போ..."

"கடை கிடக்குது போ!" சித்தி முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதாள். "மூணு நாளாச் சோறு எறங்கலைடி எனக்கு. என்னால உன் வேலை போயிருந்தா, உங்கம்மா முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"