ஒருசந்தி நாளில் போட்ட ஊசி

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். படிப்பு மூன்றாம் வகுப்பு. நான் சொல்லச் சொல்லப் பேத்தி ஜெனி எழுதுகிறாள். சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொண்டு தவக்காலத்தில் ஒருசந்தி (ஒரே வேளை உண்டு இருக்கும் நோன்பு) பிடிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

கல்யாணமாகி மன்னார்குடிப் பக்கம் வந்ததிலிருந்து ஒருசந்தி தப்பியதில்லை. வயிற்றில் பிள்ளையோடு உளுந்து பறிக்கப் போன நாளிலும் விடவில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு.

போன வருஷம் பெரிய வெள்ளி, ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்ட நாள். காலையில் மருமகள் செல்வி இன்சுலின் (இரத்தத்தில் சர்க்கரையைக் குறைக்கும் மருந்து) போட்டுவிட்டாள். "அத்தை, இட்லி வச்சிருக்கேன், உடனே சாப்பிட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுக் கோயிலைக் கூட்டப் போனாள். நான் இட்லியைத் தொடவில்லை. மருந்து ஆகாரமில்லை, ஊசியால் நோன்பு முறியாது என்பது என் எண்ணம்.

சிலுவைப்பாதையில் (ஆண்டவர் பட்ட பாடுகளைப் பதினான்கு படங்களின் முன் தலம் தலமாக நின்று தியானிப்பது) நான்காம் தலத்தில் முழங்காலிட்டபோது கை நடுங்கியது. வேர்வையில் சேலை நனைந்தது. ஆண்டவர் பட்ட பாட்டில் எனக்கும் கொஞ்சம் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன். எழுந்திருக்கப் போனேன். எதிரே இருந்த படம் கறுத்தது.

விழித்தபோது ஆஸ்பத்திரி. தாழ்சர்க்கரை (மூளைக்கு வேண்டிய சர்க்கரை இரத்தத்தில் மிகவும் குறைந்து போவது) என்றார்கள். கையில் குளுக்கோஸ் இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் ஒரு மூக்குத்தி தெரிந்தது. பிறகு முகம். பிறகுதான் அது செல்வி என்ற பேர் வந்தது. சர்க்கரையை விஷம் என்றே பேசி வந்தவள் நான். அதுதான் சொட்டுச் சொட்டாக என் மக்களை எனக்குத் திருப்பிக் கொடுத்தது.

"ஊசி போட்டுட்டுப் பட்டினி கெடந்தா உயிரே போயிடும் பாட்டி. மூணு மணி நேரத்துக்கு ஒருதரம் ஏதாவது சாப்பிடணும்" என்றார் டாக்டரம்மா.

"ஒருசந்தி அன்னிக்குமா?"

"அன்னிக்குத்தான் முக்கியமா."

பார்க்க வந்த பங்குச் சாமியிடம் (எங்கள் கோயில் குரு), இனி ஒருசந்தி பிடிக்க முடியாதே என்று அழுதேன். அவர், "அறுபதுக்கு மேல ஒருசந்தி கடமையே இல்லையேம்மா" என்றார்.

"அதை முன்னாடியே சொல்லப்படாதா சாமி?"

"சாம்பல் புதனுக்குச் சாம்பல் புதன் சொல்றேன். யாருக்கோ சொல்றேன்னு நெனச்சிருப்பீங்க."

ஆனாலும் ஆண்டவர் முன்னால் வெறுங்கையோடு எப்படிப் போவது என்ற பயம் வருஷம் முழுக்க இருந்தது.

இந்த வருஷம் பெரிய வெள்ளி. கோயில் வாசலில் ஒருசந்திக் கஞ்சிக்கு வரிசை நிற்க, பதினோரு மணிக்கு எல்லார் கண்முன்னாலும் இட்லி தின்றேன்.

"என்ன பெரியம்மா, ஒருசந்தி மூணு சந்தியாயிடுச்சா?" என்றாள் பக்கத்து வீட்டு மேரி.

"அஞ்சுடி. டாக்டரு உத்தரவு" என்றேன். மிச்ச இட்லியைத் தண்ணீர் விட்டு இறக்கினேன்.

மூன்று மணிக்கு வழிபாடு. பசியில்லாமல் அந்த நேரத்தில் நான் நின்றது அதுதான் முதல்முறை. ஆண்டவருடைய பாடுகளை வாசித்தார்கள். ஒரு வார்த்தை விடாமல் காதில் விழுந்தது. "தாகமாயிருக்கிறது" என்று அவர் சொன்ன இடத்தில் எனக்கு மேல் சிலிர்த்தது. இத்தனை வருஷமும் அந்நேரம் நான் என் வயிற்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

இந்த உடம்பை அடக்கி ஆண்டதாக நினைத்திருந்தேன். இப்போது மூன்று மணி நேரத்துக்கொருதரம் அது கூப்பிடுகிறது. சிலுவை போட்டுக்கொண்டு ஒரு வாய் கொடுக்கிறேன்.

ஜெனி, எழுதுனதைப் படிச்சுக் காட்டும்மா. மெதுவாவே படி. அடுத்த சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் கெடக்கு.