ரோசிலி விட்டுவைக்கும் சொரசொரப்பு

ஒட்டுப்போட்ட பல்வரிசையைப் பாலிஷ் சக்கரத்தில் திருப்பித் திருப்பிக் காட்டுகிறாள் ரோசிலி. வெளிப்பக்கம் பளபளக்கிறது. உள்ளே, நாக்கு போய்த் தொடும் இடத்தில் மட்டும் அரிசியளவு சொரசொரப்பை விட்டுவிட்டுச் சக்கரத்தை நிறுத்துகிறாள். மறதியில்லை. ஏழு வருடமாக இப்படித்தான்.

திருச்சூரில் ஒரு பல் ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் எங்கள் லேப். நான் அச்சு வார்க்கிறவன். தாடை எலும்பில் திருகு நட்டு அதன்மேல் பூட்டிய பல்வரிசை உடைந்தால், புதியது வரும்வரை ஒப்பேற்றித் தருவது அவள் வேலை. இளஞ்சிவப்புப் பொடியைக் குழைத்து, நடுவே கம்பி வைத்து ஒட்டுவாள். பால் விடாத கட்டஞ்சாயா பக்கத்திலேயே இருக்கும். ஆறி அவலானபிறகுதான் குடிப்பாள். வருகிறவர்களிடம் ஒரே பாட்டு: "இது பெருநாள் பந்தல் சேட்டா. வீடுன்னு நெனச்சுக் குடியேறிடாதீங்க. பத்தே நாள்!"

வாறுண்ணி குடியேறிவிட்டார். மாதா கோயில் பெருநாள் பேண்டில் கிளாரினெட் வாசித்தவர். அவருடைய மேல்வரிசை எங்கே உடைந்தது என்று எனக்கே தெரியவில்லை, அவ்வளவு வழவழப்பாக ஒட்டியிருந்தாள். "உன் கைக்குத் தங்க வளையல் போடணும் மோளே. இனி புதுசு எதுக்கு?" என்று போனவர், இரண்டு வருடம் கழித்துத்தான் வந்தார். அதற்குள் ஒட்டு ஆடி ஆடித் திருகுகள் தளர்ந்து, எலும்பே கரைந்திருந்தது. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். அவருக்கு வாசிப்பும் போயிற்று. கழற்றி மாட்டும் பல்செட்டை வைத்துக்கொண்டு கிளாரினெட்டைக் கவ்வ முடியாது. இப்போது அதே பேண்டில் பித்தளைத் தட்டு அடிக்கிறார்.

அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. திட்டியிருந்தால் இவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். "அசிங்கமா ஒட்டியிருந்தா அந்த மனுஷன் வந்திருப்பாரு" என்பாள், யாரும் கேட்காமலே.

இன்று பவுலோஸ் மாஷ் வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். ஞாயிற்றுக்கிழமை மகளுக்குக் கல்யாணம். காலையில் பூட்டிய ஒட்டுவரிசையை டாக்டரிடம் கழற்றி வாங்கி, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு மறுபடி படியேறியிருக்கிறார்.

"கொச்சே, நாக்கு சும்மா சும்மா அங்கயே போய் நிக்குது. கொஞ்சம் தேய்ச்சுக் குடு."

"நிக்கட்டும் மாஷே. அப்பத்தான் என் நெனப்பு வரும்."

"சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி நான் சிரிக்க வேண்டாமா?"

"நல்லா சிரிங்க. உறுத்தல் உள்ளதான இருக்கு, யாருக்குத் தெரியப்போவுது?"

"உனக்கு இரக்கம்னு ஒண்ணு இல்லையா?"

எனக்கே பாவமாக இருந்தது. அவளும் மனமிளகிச் சக்கரத்தை ஓடவிட்டாள். அந்த நேரம் பார்த்துக் கீழே தெருவில் பெருநாள் பேண்டு வந்தது. முன்னால் கிளாரினெட்காரர்கள், கடைசி வரிசையில் வாறுண்ணி. எங்கள் ஜன்னலை அண்ணாந்து பார்த்து, உதட்டைத் திறக்காமல் சிரித்தார்.

ரோசிலி சக்கரத்தை நிறுத்தினாள். சொரசொரப்பை விரலால் ஒருமுறை தடவினாள். பல்வரிசையை அப்படியே டப்பாவில் வைத்து மூடி மாஷின் கையில் கொடுத்தாள். கொடுத்த பிறகும் அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.